குரூப் 4 பாஸாகலன்னா ஆண்டவருக்கு நம்ம மேல பிரியம் குறைவா?

தம்பி, பதில மொதல்லயே சொல்லிருதேன், காரணத்துக்குப் பெறவு வாரேன். குறைவு இல்ல. நீங்க குரூப் 4ல கட் ஆஃப் தாண்டலங்கதுக்கும் ஆண்டவருக்கு உங்க மேல இருக்குத பிரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆறுதலுக்காகச் சொல்லல, வேதத்துல இருக்கு, சபை வரலாறு முழுக்க இருக்கு, ஆராதனையில நாமளே வாயால சொல்லிட்டு வாரதுலயும் இருக்கு.

மத்தவங்களுக்கும் புரியணுங்கதுக்காக இந்தத் தம்பி கேட்டத சுருக்கமா சொல்லிருதேன். சாத்தான்குளம் பக்கம் ஒரு ஊரு, சிஎஸ்ஐ சபை. கூடப் படிச்ச பையன் ஒருத்தன் ஆள் மாத்தி ஆள் விடாம பண்ணுத சங்கிலி ஜெபத்துல சேந்து, மொத மாசச் சம்பளத்த அப்படியே காணிக்கையா போடுதேன்னு பொருத்தனை பண்ணி (நேர்ந்துக்கிட்டு), பரீட்சை பாஸாகி, விஏஓ போஸ்டிங்கும் வாங்கி, கோயில்ல முன்னால வந்து சாட்சி சொல்லிட்டான். இவரும் ஜெபிச்சாரு, இவரும் பொருத்தனை பண்ணுனாரு, பாஸாகல. பெரியம்மா வீட்டுக்கு வந்து "ஆண்டவருக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்திருந்தா அவரு ஏன்ல ஒன்னக் கைவிடப் போறாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இப்ப இவரு கேக்காரு: "அண்ணாச்சி, கிருபையினால இரட்சிப்புன்னு திடப்படுத்தல் வகுப்புல படிச்சோமே, அப்ப இரட்சிப்பு மட்டும் இலவசம், மத்ததெல்லாம் நாம சம்பாதிக்கணுமா? இன்னும் எவ்வளவு செஞ்சா அவருக்கு என்னப் பிடிக்கும்? இல்ல எல்லாமே கிருபைதான்னா நல்லவனா இருக்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

கேள்வி ரொம்ப நேர்மையான கேள்வி. நம்ம ஊர் சபைகள்ல பாதிப் பேர் மனசுக்குள்ள இது இருக்கு, வெளிய கேக்கத்தான் ஆளில்ல.

கிருபைன்னா நம்ம தகுதியப் பாக்காம ஆண்டவர் இலவசமாக் குடுக்குதது. அந்த வார்த்தையச் சொன்னாலே நாம எபேசியர் 2:8 எடுப்போம், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்", ஓய்வுநாள் பள்ளியில மனப்பாட வசனம், மூச்சு விடாம ஒப்பிச்சுட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருவோம். அதனால நான் வேற எடத்துல ஆரம்பிக்கேன். பத்துக் கட்டளைய எடுத்துக்கோங்க. பழைய ஏற்பாடுன்னா கட்டளை, கைக்கொண்டா ஆசீர்வாதம், புதிய ஏற்பாட்டுலதான் கிருபைன்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட இருக்கு. ஆனா அந்தக் கட்டளைங்க யாத்திராகமத்துல எங்க வருது, 20ஆம் அதிகாரத்துல வருது. அதுக்கு முன்னால 12ல பஸ்கா, 14ல சமுத்திரம் பிளந்தது, 16ல மன்னா, 17ல கன்மலையிலேர்ந்து தண்ணி. எல்லாம் குடுத்து முடிச்ச பெறவுதான் கட்டளை. எகிப்துல செங்கல் அறுத்துட்டு இருந்த சனத்துக்கிட்ட யாரும் போயி "மொதல்ல இந்தப் பத்தயும் கைக்கொண்டு காட்டுங்க, பாஸானவங்கள மட்டும் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லல. கட்டளைங்க ஆரம்பிக்கும்போதே ஒன்ன அடிமைத்தன வீட்டுலேர்ந்து கொண்டுவந்த கர்த்தர் நான்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்காரு. விடுதலை முன்னால, கீழ்ப்படிதல் பின்னால. இந்த வரிசைய வேதம் எங்கயும் மாத்துனது கிடையாது, மாத்திப் போடுதது நாமதான்.

இன்னொரு எடம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். இயேசு யோர்தான்ல ஞானஸ்நானம் வாங்கிட்டுக் கரையேறுதாரு, வானத்துலேர்ந்து சத்தம், இவர் என் நேசகுமாரன், இவர்மேல பிரியமா இருக்கேன்னு. அன்னைக்குத் தேதியில இயேசு என்ன சாதிச்சிருந்தாரு யோசிச்சுப் பாருங்க. ஒரு பிரசங்கம் பண்ணல, ஒரு குருடனப் பாக்க வைக்கல, ஒரு சீஷன் கூட இல்ல. ஏறக்குறைய முப்பது வயசு, நாசரேத்துல தச்சு வேல பாத்தவரு, அவ்வளவுதான். பிரியம் மொதல்ல வந்துருச்சு, வேல பெறவுதான் ஆரம்பிக்கி. அதுக்கு அடுத்த அதிகாரத்துலயே பிசாசு வந்து கேக்குத மொத வார்த்தை என்ன? "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்". அதாவது நீ மகன்னா எதையாவது செஞ்சு காட்டு. தம்பி, உங்க மனசுக்குள்ள "நான் ஆண்டவரோட பிள்ளையா இருந்தா பாஸாகியிருக்கணுமே"ன்னு ஒரு சத்தம் கேக்குல்லா, அந்தச் சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மத்தேயு 4ல பாத்துக்கோங்க. இயேசு கல்ல அப்பமாக்கிக் காட்டல. காட்டாததுனால அவரு மகன் இல்லாமப் போயிரல.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வாரேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். உபாகமம் 28:13 வந்துட்டா வீடே சந்தோஷமாயிரும், வாலாக்காமல் தலையாக்குவார், அந்த வருஷம் வேலை கன்ஃபார்ம்னு அர்த்தம். அதே உபாகமத்துல 7ஆம் அதிகாரமும் 9ஆம் அதிகாரமும் இருக்கு, அதுலேர்ந்து அட்டை அடிச்சு நான் பாத்ததில்ல. 7ல மோசே சொல்லுதாரு, நீங்க பெரிய சனங்கதுனால கர்த்தர் ஒங்களத் தெரிஞ்சுக்கிடல, இருக்கதுலயே நீங்கதான் கொஞ்சப் பேருன்னு. 9ல அதவிட நேரா, ஒன் நீதியினால இந்த நல்ல தேசம் ஒனக்குக் கெடைக்கல, நீ வணங்காக் கழுத்துள்ள சனம்னு. 28ஆம் அதிகாரத்த வாசிக்கணும்னா இந்த ரெண்டையும் தாண்டித்தான் வரணும், நாம மட்டும் அட்டையில நேரா 28க்குப் போய் எறங்கிருதோம்.

இதுக்குப் பின்னால ஒரு காரணம் இருக்குன்னு நெனைக்கேன், அது நம்ம வரலாறு. கிளாரிந்தா அம்மா பாளையங்கோட்டையில ஸ்வார்ட்ஸ் ஐயர் (நம்ம பக்கத்துல பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவோம்) கையால 1778ல ஞானஸ்நானம் வாங்குனதுலேர்ந்து, 1820ல மிஷனெரி ரேனியஸ் வந்து ஊர் ஊரா பள்ளிக்கூடம் வச்சதுலேர்ந்து, படிப்பும் வேதமும் நம்ம மண்ணுல ஒண்ணாவே வளந்துச்சு. கோயிலுக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம், சபையில வேதம் சொல்லிக் குடுக்குத உபதேசியாரே வாத்தியாரு. பாளையங்கோட்டைய தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுத அளவுக்குப் போச்சு. நம்ம தாத்தா பாட்டிமாருக்கு அந்தப் படிப்பு நெசமாவே பெரிய விடுதலை, பனையேறிப் பொழச்ச வீட்டுல ஒரு பிள்ளை டீச்சராச்சுன்னா அந்தக் குடும்பத்தோட தலையெழுத்தே மாறுச்சு, அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னாங்க, சொல்ல வேண்டியதுதான். ஆனா ரெண்டு மூணு தலமுற தாண்டும்போது என்னாச்சுன்னா, நன்றி சொன்னது கணக்காயிட்டு. டிகிரி, கவர்மென்ட் வேலை, சொந்த வீடு, இதெல்லாம் வந்தா ஆண்டவர் கூட இருக்காரு, வரலன்னா எங்கயோ பாவம் இருக்கு, இல்ல ஜெபம் பத்தல, இல்ல வருமானத்துல பத்துல ஒரு பங்கு குடுக்குத தசமபாகம் ஒழுங்கா போகல. வேதத்துல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட சினேகிதங்க மூணு பேரும் பேசுனது அச்சு அசல் இதுதான், கடைசி அதிகாரத்துல கர்த்தர் அவங்களப் பாத்து நீங்க என்னப் பத்தி நிதானமாப் பேசலன்னு கோவப்படுதாரு.

இன்னும் பின்னால போனா, நம்ம ஆளுக ஒரு கணக்கும் இல்லாமத்தான் உள்ள வந்தாங்கங்கது தெரியும். தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீங்க, 1876லேர்ந்து 78 வர. அந்தப் பஞ்சத்துலயும் அது ஓஞ்ச கையோடயும் நம்ம சீமையில ஆயிரக்கணக்குல சனம் வேதத்துல, அதாவது கிறிஸ்தவத்துல, சேந்துச்சு. 1877லதான் மிஷனெரிமாரு ரெண்டு பேர, இடையன்குடி கால்டுவெல்லையும் பாளையங்கோட்டை சார்ஜென்டையும் பிஷப்பாக்குனாங்க. அன்னைக்கும் பேசுனாங்க, இன்னைக்கும் பேசுதாங்க, கஞ்சிக்கு வந்தவங்க, சோத்துக்கு வேதத்துல சேந்தவங்கன்னு. நம்ம பிள்ளைங்க அதக் கேட்டுக் கூனிக்குறுகிப் போறத நான் பாத்திருக்கேன், இல்ல எங்க தாத்தா கொள்கைக்காகச் சேந்தாருன்னு வாதாடுதாங்க. எதுக்கு வாதாடணும்? பசிச்சு வந்தாங்கன்னே வச்சுக்கோங்க. கையில ஒண்ணுமில்லாம, வேதம் தெரியாம, பக்திக்கு சர்டிபிகேட் இல்லாம, வயித்துப் பசியோட வந்த ஒருத்தன உள்ள எடுக்க மாட்டேன்னு சொல்லுத கடவுள் இயேசு காட்டுன கடவுள் கிடையாது. இயேசு சொன்ன கதையில அப்பாகிட்ட சொத்தப் பிரிச்சு வாங்கிட்டுத் தூரதேசம் போன இளையமகன் திரும்பி வந்ததும் எதுக்கு? எங்க அப்பா வீட்டுக் கூலிக்காரங்க வயிறாரச் சாப்பிடுதாங்க, நான் பசியில சாகுதேன்னுதான் கெளம்புதான், லூக்கா 15:17. அப்பா அவன் வந்த காரணத்த விசாரிக்கல, ஓடிப் போயி கழுத்தக் கட்டிக்கிட்டாரு. நம்ம சபைகளோட அஸ்திவாரத்துல இருக்குதது அந்த மாதிரி வந்த சனம்தான், அத நான் பெருமையாத்தான் சொல்லுதேன்.

அதே கதையில மூத்தவன் ஒருத்தன் இருக்கான், இப்ப நம்ம சபைகளுக்கு அவனத்தான் பிரசங்கிக்கணும். வெளிய நின்னுக்கிட்டு உள்ள வர மாட்டேங்கான். அவன் பேசுத வார்த்தையக் கவனிங்க, இத்தன வருஷமா ஒமக்கு ஊழியம் செஞ்சேன், ஒரு கட்டளையும் மீறல, ஒரு ஆட்டுக்குட்டி கூடத் தரலியேன்னு. மகன் பேசுத மாதிரியா இருக்கு? சம்பளம் பாக்கி கேக்குத வேலைக்காரன் மாதிரி இருக்கு. தம்பிய "என் தம்பி"ன்னு கூடச் சொல்லல, ஒம்முடைய குமாரன்ங்கான். அப்பா அதுக்கு "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது"ன்னு சொல்லுதாரு. அப்ப அவன் இத்தன வருஷமா எதச் சம்பாதிக்கப் பாடுபட்டானோ அது மொதல் நாளே அவனோடது. தெரியாமலே வீட்டுக்குள்ள கூலியாளா வாழ்ந்திருக்கான். சம்பாதிச்சுப் பிரியம் வாங்கணும்னு நெனைக்கிறவன் ஜெயிச்சாலும் இந்த கதிதான், தோத்தாலும் இந்த கதிதான். உங்க ஃபிரண்டு விஏஓ ஆனாருல்லா, அவருக்கும் இந்தச் செய்தி வேணும், நாளைக்கு புரமோஷன் வரலன்னா அவரு எங்க போயி நிப்பாரு?

திராட்சத் தோட்டத்து உவமையும் உங்களுக்குத் தெரியும், மத்தேயு 20. காலையில வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேல பாத்தவனுக்கும் ஒரு பணம். நம்ம ஊர்ல இதக் கேட்டா கொத்தனாரு சித்தாளு யாரும் ஒத்துக்கிட மாட்டாங்க, நியாயம் அது. ஆனா எசமான் பேசுன கூலிய மாத்தவே இல்ல, காலையில வந்தவனுக்கு ஒரு பைசா குறைக்கல. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா"ன்னு, அதாவது நீ பொறாமப்படலாமான்னு, கேக்காரு. இந்த உவமை பிரசங்கத்துல புரியாதவங்களுக்கு ஊருக்கே சோறு போடுத நம்ம அசனப் பண்டிகையில புரியும்னு நான் சொல்லுவேன். ஒரு ஊர் அசனத்துல நான் பாத்தது: பாய விரிச்சு சோத்த மலையாக் குவிச்சிருக்காங்க, ஆவி பறக்கு, அண்டா அண்டாவா கறிக்குழம்பு, கோயிலச் சுத்தி பந்தி. நாலு பந்தி முடிஞ்சு சத்தம் அடங்குத நேரம், ரோடு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையங்க அஞ்சாறு பேர் கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டு இருக்காங்க. கமிட்டிப் பெரியவரு ஒருத்தரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வெளிய போயி, பாஷ தெரியாது அவருக்கு, ஒருத்தன் கையப் பிடிச்சு இழுத்துட்டே வாராரு, மத்தவங்க பின்னாலயே வந்துட்டாங்க. இலையப் போட்டு மொதல் பந்திக்கு விழுந்த அதே அளவுல சோறு, அதே அளவுல கறி. பக்கத்து இலையில உக்காந்திருந்தது அந்த வருஷம் ஆடு குடுத்த குடும்பம். அவங்க ஒரு வார்த்த சொல்லல, தண்ணி டம்ளரத் தள்ளி வச்சாங்க. அசனத்துல யாரும் யாருகிட்டயும் நீ எவ்வளவு அசன வரி குடுத்தேன்னு கேக்குதது கிடையாது, கேட்டா அது அசனமும் கிடையாது.

இதே கோயிலுக்குள்ள நற்கருணை ஆராதனையில நாம என்ன ஜெபம் பண்ணுதோம்? அப்பமும் ரசமும் வாங்குத பந்திக்குப் போறதுக்கு முன்னால எல்லாரும் சேந்து சொல்லுதோம், எங்க சொந்த நீதிய நம்பி வரல, உம்ம மிகுந்த இரக்கத்த நம்பித்தான் வாரோம், ஒம்ம மேசையிலேர்ந்து விழுத துணுக்கப் பொறுக்கக் கூட எங்களுக்குத் தகுதியில்லன்னு. சொல்லிட்டு முன்னால போயி மண்டி போட்டுக் கைய நீட்டுதோம். அங்க காலேஜ் பிரின்சிபாலும் கைய நீட்டுதாரு, பீடி சுத்துத அக்காவும் நீட்டுதாங்க, ரெண்டு கையும் காலியாத்தான் இருக்கு, பாஸான சர்டிபிகேட்டோட யாரும் போறதில்ல. நம்ம சபையோட உபதேசம் என்னன்னு யாராவது கேட்டா நான் இதத்தான் காட்டுவேன். ஞானஸ்நானமும் அப்படித்தான், அம்மா மடியில தூங்குத பிள்ளை எந்த உபவாசம் இருந்துச்சு?

அப்போஸ்தலன் பவுலப் பத்தி ஒண்ணு மட்டும். பிலிப்பியர் 3ல அவரு தன்னோட பயோடேட்டாவக் குடுப்பாரு, எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்துல குத்தமில்லாதவன்னு. நம்ம ஊர்க் கல்யாணப் பேச்சுல வருதது மாதிரி, எந்தக் குடும்பம், எந்தச் சபை, என்ன படிப்பு. எல்லாத்தையும் சொல்லிட்டு, கிறிஸ்துவுக்காக இத்தனையும் குப்பைன்னு எண்ணுதேங்காரு. தோத்தவன் அப்படிச் சொன்னா எட்டாத பழம்னு சொல்லலாம், இவரு எல்லாத்துலயும் பாஸானவரு.

சரி, இது ஏதோ சிஎஸ்ஐக்காரங்களோட தனிக் கருத்துன்னு நெனைச்சிராதீங்க. அஞ்சாம் நூத்தாண்டு ஆரம்பத்துலயே பெலாஜியுஸ்னு ஒரு துறவி, மனுஷன் மனசு வச்சா தன் முயற்சியாலயே பாவமில்லாம வாழ முடியும்னு போதிச்சாரு. நல்ல ஒழுக்கமான ஆளு, ரோமாபுரியில கிறிஸ்தவங்க அலட்சியமா வாழுததப் பாத்து நொந்து போயித்தான் அப்படிப் பேசுனாரு, அதையும் சொல்லணும். அகுஸ்தீன்னு ஒரு பிஷப் அத எதிர்த்தாரு, மனசு வைக்கதுக்கே கிருபை வேணும்யான்னு. 418ல கார்த்தேஜ்ல கூடுன பிஷப்புமாரோட சங்கம் பெலாஜியுஸ் போதனையத் தள்ளுச்சு, 529ல ஆரஞ்சு சங்கம் ஒரு படி மேல போயி, கடவுளத் தேடுத மொத ஆசை கூடக் கிருபையினாலதான் வருதுன்னு தீர்மானிச்சிட்டு. லூத்தர் 1505ல மடத்துல சேந்தவரு, உபவாசம், முழிப்பு, பாவசங்கீர்த்தனம்னு ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு, துறவறத்தால ஒருத்தன் பரலோகம் போக முடியும்னா நான் போயிருப்பேன்னு பின்னால அவரே எழுதுனாரு. எவ்வளவு செஞ்சாலும் போதுமாங்குத பயம் போகல, விசுவாசத்தினால நீதிமான் பிழைப்பான்ங்குத ரோமர் 1:17தான் அவரக் காப்பாத்துச்சு. நீங்க கேட்ட "இன்னும் எவ்வளவு செஞ்சா"ங்குத கேள்வியும் அதே பயம்தான், அதுக்கு ஒரு அளவு யாராலயும் சொல்ல முடியாது.

நம்ம பக்கத்துல ஒரு தப்பான பேச்சு உண்டு, ஆர்சிக்காரங்க, அதாவது ரோமன் கத்தோலிக்கருங்க, கிரியையினால, தங்க நல்ல செயலால, மோட்சம் போறதா நம்புதாங்கன்னு. அது சரியில்ல. அவங்களோட திரிதெந்து சங்கம் 1547லயே, நீதிமானாக்கப்படுததுக்கு (கடவுள் நம்மள நீதிமானா ஏத்துக்கிடுததுக்கு) முன்னால நாம செய்யுத எதுவும் அந்தக் கிருபையச் சம்பாதிச்சுத் தராதுன்னு எழுதியிருக்கு. 1999 அக்டோபர் 31ல ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் ஊர்ல கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் சேந்து கையெழுத்துப் போட்ட கூட்டறிக்கையில, நம்ம தகுதியினால இல்ல, கிருபையினால மட்டுந்தான் கடவுள் நம்மள ஏத்துக்கிடுதாருன்னு ரெண்டு பேரும் ஒரே வாயால சொல்லிட்டாங்க. 2006ல மெதடிஸ்டுகளும் சேந்தாங்க. வித்தியாசங்க இன்னமும் இருக்கு, ஆனா இந்த அடிப்படையில இல்ல. உவரி அந்தோணியார் கோயிலுக்கு நடந்து போறவங்களும் சரி, நம்ம உபவாசக் கூட்டத்துக்குப் போறவங்களும் சரி, பேரம் பேசப் போனா ரெண்டும் தப்பு, அன்புல போனா ரெண்டும் நல்லது, அவ்வளவுதான் என் அபிப்பிராயம்.

நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்ல. குரங்குக்குட்டி தாயப் பிடிச்சுக்கிடுத மாதிரி நாமளும் பிடிக்கணுமா, இல்ல பூனைக்குட்டி மாதிரி தாயே தூக்கிட்டுப் போவுதான்னு வைணவத்துல வடகலையும் தென்கலையும் நூத்தாண்டுக் கணக்கா வாதாடுனாங்க, நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி உங்க ஊர்லேர்ந்து பக்கந்தான். கரையிருப்புல வைணவக் குடும்பத்துல பொறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858ல ஞானஸ்நானம் வாங்கி, பெறவு கிருபையப் பத்தி பாட்டுப் பாட்டா எழுதுனாருன்னா, அந்தப் பசி அவருக்கு வீட்டுலயே இருந்திருக்கும்னு நான் நெனைக்கேன்.

இனி, எல்லாம் கிருபைன்னா எதுக்குக் கஷ்டப்படணும்ங்குத கேள்வி. இது பவுல்கிட்டயே கேட்ட கேள்வி, ரோமர் 6 மொத வசனம், கிருபை பெருகணும்னு பாவத்துலயே இருக்கலாமா, கூடாதேன்னு பதில். எபேசியர் 2:8, 9 சொல்லிட்டு நிறுத்திருதோமே, 10ஆம் வசனத்தையும் வாசிங்க, நல்ல கிரியைகளுக்காகத்தான் சிருஷ்டிக்கப்பட்டிருக்கோம்னு இருக்கு. கிரியைய யாரும் தூக்கி எறியல, அதோட எடத்தத்தான் மாத்தி வைக்கோம். யாக்கோபு 2ல கிரியையில்லாத விசுவாசம் செத்ததுன்னு சொல்லுதாரே, அது பவுலுக்கு எதிரான்னா இல்ல, யாக்கோபு பேசுதது வேற ஆளுகிட்ட, சாப்பாடில்லாதவன் வாசல்ல நிக்கும்போது "சமாதானத்தோட போ"ன்னு வாயால மட்டும் சொல்லி அனுப்புதவன்கிட்ட. அவன் வாங்குனது கிருபையே இல்லங்காரு. 1 கொரிந்தியர் 15:10ல பவுல் சொல்லுதாரு, எல்லாரையும் விட நான்தான் அதிகமாப் பாடுபட்டேன், ஆனாலும் நானில்ல, கிருபைதான்னு. கிருபை அவர சோம்பேறியாக்கல.

பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளைங்களுக்கு ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மா பள்ளிக்கூடம் வச்சாங்களே, அந்தப் பிள்ளைங்க சபைக்கு ரேங்க் வாங்கித் தரும்னா வச்சாங்க? 1903ல நம்ம ஆளுக, வேதநாயகம் அசரியா எல்லாம் சேந்து இந்திய மிஷனெரி சங்கத்த ஆரம்பிச்சு, தெலுங்கு தேசத்துல தோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்புனாங்களே, வெள்ளாளன்விளையில பொறந்த அந்த மனுஷன் 1912ல ஆங்கிலிக்கன் சபையிலயே மொதல் இந்திய பிஷப் ஆனாரு, அதெல்லாம் கணக்குல புண்ணியம் ஏத்தச் செஞ்சதில்ல, வாங்குனவங்க குடுத்தாங்க. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவ எடுத்துக்கோங்க, நூத்துக்கணக்குல பிள்ளைங்கள வளத்தாங்க, எல்லாருக்கும் தெரியும். 1931ல கீழ விழுந்து அடிபட்டு, 1951ல கண்ணை மூடுத வரைக்கும் பெரும்பாலும் ஒரே அறைக்குள்ள படுக்கையிலதான் இருந்தாங்க. ஓடி ஓடி உழைச்ச காலத்துல ஆண்டவருக்கு அவங்க மேல பிரியம் ஜாஸ்தி, படுக்கையில கெடந்த இருவது வருஷமும் குறைவுன்னு யாராவது சொல்ல முடியுமா? தன் கல்லறையில கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனவங்க அவங்க.

தசமபாகம் பத்திப் பெரியம்மா சொன்னதுக்கு வாரேன். மல்கியா 3:10, தசமபாகத்தக் கொண்டுவாங்க, வானத்துப் பலகணியத் திறக்கேனா பாருங்கன்னு இருக்கு, உண்மைதான். ஆனா அது ஒரு தேசத்துக்குச் சொன்னது, ஆலயத்துப் பண்டசாலையில ஆகாரம் இருக்கணும், ஆலய ஊழியம் பாக்குத லேவியனும் அனாதையும் விதவையும் சாப்பிடணுங்குதது அதுல விஷயம். அத எடுத்து "பத்து சதவீதம் போடு, குரூப் 4 கெடைக்கும்"னு ஆக்குதது வேதத்தத் திரிக்கது. காணிக்கை போடுங்க, கையில வருமானம் வரும்போது சந்தோஷமாப் போடுங்க, ஊர்ல ஒரு பிள்ளைக்குப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தாலும் அதுவும் காணிக்கைதான். பயந்து போயி, போடலன்னா தண்டிப்பாருன்னு ஒரு ரூபா போட வேண்டாம்.

சாட்சி சொல்லுததையும் நிறுத்தச் சொல்லல. பாஸானவன் நன்றி சொல்லட்டும். அதே எடத்துல வந்து நின்னு, இந்த வருஷமும் எனக்குக் கெடைக்கல, ஆனாலும் ஆண்டவர் என் தகப்பன்தான்னு ஒருத்தன் சொல்லவும் நம்ம சபைகள்ல எடம் குடுக்கணும். ஐயர்மாரு இத வாசிச்சா தயவுசெஞ்சு யோசிங்க, ஒரு தடவ அப்படி ஒருத்தன நிப்பாட்டிப் பாருங்க, பின் பெஞ்சுல உக்காந்திருக்குத எத்தன பிள்ளைங்க நிமிந்து பாக்கும்னு தெரியும்.

கடைசியா நீங்க தனியாக் கேட்டது, பாஸானா அஞ்சாயிரம்னு பொருத்தனை பண்ணுனேன், பாஸாகல, இப்பக் குடுக்கணுமா வேண்டாமான்னு. நீங்க சொன்ன நிபந்தனை நடக்கல, அதனால கடன் ஒண்ணும் இல்ல, ராத்திரி நிம்மதியாத் தூங்குங்க. அடுத்த தடவ பரீட்சைக்குப் பேரம் வச்சுப் பொருத்தனை பண்ணாதீங்க, நேர்ந்துக்கிட்டுச் செய்யாம இருக்கத விட நேராம இருக்கதே நல்லதுன்னு பிரசங்கி 5:5லயே இருக்கு. ஜெபம் பண்ணுங்க, எனக்கு இந்த வேலை வேணும்னு தகப்பன்கிட்ட கேக்குத மாதிரி நேராக் கேளுங்க. பெறவு போன தடவ எந்தப் பாடத்துல மார்க் போச்சுன்னு பாத்து, அந்த சிலபஸ எடுத்து வச்சு, பழைய வினாத்தாள நேரம் வச்சுப் போட்டுப் பாருங்க, அது ஜெபத்துக்கு எதிரி கிடையாது. பெரியம்மா மேல கோவம் வைக்க வேண்டாம், அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அப்படி, ஒங்க மேல உள்ள பாசத்துலதான் பேசியிருக்காங்க. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்தா உக்கார வச்சு லூக்கா 15அ மூத்தவன் வரைக்கும் சேத்து வாசிச்சுக் காட்டுங்க, பாதியில நிறுத்திராதீங்க.